கயிற்றை யார் இழுக்கலாம்?
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜப்பானிய நிறுவனங்களுக்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கும் பணியிடப் பண்பாட்டில் உள்ள வேறுபாடு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைப் பேச வாயெடுத்தாலே இரண்டு சித்திரங்கள் முன்னால் வந்து நிற்கும். ஜப்பானியர் கம்பெனிக்காக உயிரையே கொடுப்பவர். சேர்ந்த இடத்திலேயே ஓய்வு பெறுபவர். மேலதிகாரி கிளம்பும்வரை நாற்காலியைவிட்டு எழாதவர். அமெரிக்கர் தன் முன்னேற்றத்தையே பார்ப்பவர். பிடிக்காவிட்டால் மறுநாளே வேறு வேலைக்குப் போய்விடுபவர். முதலாளியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர். இதற்கான காரணங்களும் தயாராக இருக்கும். ஒரு பக்கம் சாமுராய் மரபு, கன்ஃபூசியஸ், நெல் விளையும் கிராமத்தின் கூட்டு வாழ்க்கை. இன்னொரு பக்கம் எல்லை தாண்டிக் குடியேறியவர்களின் துணிச்சல், புராட்டஸ்டண்ட் ஒழுக்கம்.

கீர்ட் ஹாஃப்ஸ்டெடெ என்ற டச்சு அறிஞர் இதற்கு மதிப்பெண்ணும் போட்டுக் கொடுத்தார். 1967 முதல் 1973 வரை பல நாடுகளின் ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய விடைகளைக் கொண்டு, தனிமனிதச் சார்பில் அமெரிக்காவுக்கு 91, ஜப்பானுக்கு 46 என்றார். நிர்வாகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த எண்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறீர்கள். செய்யுங்கள். ஆனால் அந்த எண்கள் இருக்கும் நிலையைத்தான் சொல்கின்றன. அந்த நிலை எப்படி வந்தது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியிடப் பண்பாடு என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி, ஏதோ ஒரு காலத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் மோதிக் களைத்துச் செய்துகொண்ட ஏற்பாட்டின் விளைவு. அந்த ஏற்பாடு மாறினால் பழக்கமும் மாறும், அதுவும் நாம் நினைப்பதைவிட வேகமாக. இதற்குச் சான்றாக கலிஃபோர்னியாவில் ஃப்ரிமாண்ட் என்னும் ஊரில் இருந்த ஒரு கார் ஆலையின் கதையைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் 1950ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

ஒரே கோடையில் இரண்டு திருப்பங்கள்

1950 மே மாதம் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. ‘டெட்ராய்ட் உடன்படிக்கை’ என்று வரலாற்றில் பேர்பெற்ற ஒப்பந்தம் அது. விலைவாசி ஏறினால் கூலியும் ஏறும், ஓய்வூதியம் உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு. இவற்றுக்கு ஈடாக, எந்தக் காரை எங்கே எப்படித் தயாரிப்பது என்ற முடிவுகள் நிர்வாகத்தின் தனியுரிமையாகவே இருக்கும். தொழிலாளிக்குப் பணம், பாதுகாப்பு. நிர்வாகத்துக்கு மூளை வேலை. கோடு அங்கே கிழிக்கப்பட்டது.

அதே மாதங்களில் ஜப்பானில் டொயோட்டா மூழ்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் திணித்த சிக்கன நடவடிக்கையால் கடன் வறண்டு, காருக்கு வாங்குவோர் இல்லை. ஆட்குறைப்பு செய்யமாட்டோம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த நிறுவனர் கிய்ச்சிரோ டொயோடா, வங்கிகளின் நெருக்கடியால் அந்த வாக்கை மீற வேண்டியதாயிற்று. வேலைநிறுத்தம் வெடித்தது. சுமார் 2,000 பேர் வெளியேறினார்கள். வாக்குத் தவறியதற்குப் பொறுப்பேற்று ஜூன் மாதம் கிய்ச்சிரோவும் பதவி விலகினார். அந்த மாதக் கடைசியில் கொரியப் போர் தொடங்கியது, அமெரிக்க ராணுவம் டிரக்குகளுக்கு ஆர்டர் கொடுத்தது, கம்பெனி பிழைத்தது. கிய்ச்சிரோ 1952இல் காலமானார்.

அந்த அனுபவத்திலிருந்துதான் டொயோட்டாவின் பிற்கால ஏற்பாடு உருவானது. நிரந்தரத் தொழிலாளியை வெளியே அனுப்புவதில்லை என்று நிர்வாகமும், உற்பத்தித் திறனைப் பெருக்க ஒத்துழைப்பது என்று சங்கமும் மெல்ல மெல்ல ஒரு புரிதலுக்கு வந்து, 1962இல் அதைக் கூட்டறிக்கையாகவே வெளியிட்டன. நிஸ்ஸானிலும் 1953இல் பெரும் மோதல் நடந்து, போராடிய சங்கம் உடைந்து, நிர்வாகத்தோடு இணங்கிப்போகும் சங்கம் வந்தது. ‘ஆயுட்கால வேலை’ என்று உலகம் வியந்த வழக்கம் இப்படிச் சண்டையும் தோல்வியும் வருத்தமும் கலந்து பிறந்தது. ஜேம்ஸ் அபெக்லன் என்ற அமெரிக்கர் 1958இல் ஜப்பானியத் தொழிற்சாலை பற்றி எழுதிய நூலில் இதைப் பழைய சமூக மரபின் தொடர்ச்சியாக விளக்கினார். அவர் எழுதியபோது டொயோட்டா வேலைநிறுத்தம் நடந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஜப்பானிய வேலைமுறையில் அமெரிக்கச் சரக்கும் ஏராளம். எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் ஒன்றியத்தின் அழைப்பில் தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் பரிசு நிறுவப்பட்டது. அமெரிக்கா போர்க்காலத்தில் உருவாக்கி, போர் முடிந்ததும் கைவிட்ட தொழிலாளர் பயிற்சித் திட்டம், ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் வழியாக ஜப்பானிய ஆலைகளுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. ஃபோர்டின் ரூஜ் ஆலையை 1950இல் பார்த்துவிட்டு வந்த டொயோட்டா நிர்வாகி எய்ஜி டொயோடா, அங்கே கண்ட ஆலோசனைப் பெட்டி முறையை மறு ஆண்டு தம் ஆலையில் தொடங்கினார். தீர்ந்த பொருளுக்கு ஏற்ப மட்டும் அடுக்கை நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் பழக்கம் டொயோட்டா பொறியாளர் தாய்ச்சி ஓனோவுக்கு உந்துதலானது. அமெரிக்கர் பெயரில் அமைந்த அந்த ஜப்பானியப் பரிசு 1998இல் நம் சென்னை பாடிக்கும் வந்தது; சுந்தரம் கிளேட்டன் அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம். இந்த வேலைமுறை ரத்தத்தில் ஊறியது என்றால் இத்தனை எல்லைகளை அது கடந்திருக்க முடியுமா?

வேலையா, உறுப்பினர் நிலையா

இந்த இரு உடன்பாடுகளிலிருந்து அன்றாடம் எப்படிப் பிரிந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்க நிறுவனத்தில் முதலில் இருப்பது வேலை. அதன் கடமைகள் எழுதப்படுகின்றன, சம்பளம் குறிக்கப்படுகிறது, அதற்குத் தகுந்த ஆள் தேடப்படுகிறார். வேலை ஒழிந்தால் ஆளும் போகலாம். பெரும்பாலான மாநிலங்களில், எழுத்து ஒப்பந்தமோ சங்கமோ இல்லாத ஊழியரைக் காரணம் சொல்லாமலே நீக்கலாம். அவரும் அப்படியே விலகலாம். ஜப்பானியப் பெருநிறுவனத்தில் முதலில் இருப்பவர் ஆள். கல்லூரி முடித்த இளைஞர்கள் ஏப்ரல் மாதத்தில் ஒரே நாளில் சேர்க்கப்படுகிறார்கள். என்ன வேலை என்பது பிறகுதான் தெரியும். விற்பனை, கணக்கு, ஆலை என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். வேறு ஊருக்குப் போ என்றால் மனைவி மக்களை விட்டுவிட்டுத் தனியாகவும் போக வேண்டும். சம்பளம் வயதோடும் பணி ஆண்டுகளோடும் ஏறும். நியாயமான காரணமில்லாத பணிநீக்கம் உரிமைத் துஷ்பிரயோகம் என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. 2003இல் அது சட்டமாகவே எழுதப்பட்டது.

சங்கங்களும் இப்படியே பிரிகின்றன. அமெரிக்காவில் தொழில் முழுவதற்கும் ஒரு சங்கம். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றிலும் ஒரே கொடி. ஜப்பானில் கம்பெனிக்கு ஒரு சங்கம். ஆலைத் தொழிலாளியும் அலுவலக இளைஞரும் அதிலேயே உறுப்பினர். கம்பெனி கவிழ்ந்தால் சங்கமும் கவிழும் என்பதால் அதன் குரல் தணிந்தே ஒலிக்கும்.

முடிவெடுக்கும் முறையையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஜப்பானில் ஒரு திட்டம் கூட்டத்துக்கு வருமுன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசி, மனக்குறையைக் கேட்டு, திருத்தி எடுத்துவருவார்கள். கீழ்நிலை அதிகாரி எழுதிய குறிப்பில் ஒவ்வொருவராக முத்திரை குத்தி மேலே அனுப்புவார்கள். கூட்டம் நடக்கும்போது முடிவு ஏற்கெனவே ஆகியிருக்கும். அங்கே வந்து காரசாரமான வாதத்தை எதிர்பார்க்கும் அமெரிக்கர் குழம்பிப்போவார். முப்பது ஆண்டு ஒரே கூரையின்கீழ் இருக்கப்போகிறவர்களுக்குப் பலர் முன்னிலையில் ஒருவரைத் தோற்கடிப்பது கட்டுப்படியாகாது. மூன்றாண்டில் வேறு கம்பெனிக்குப் போகப்போகிறவர் தன் திறமையை அந்தக் கூட்டத்திலேயே காட்டியாக வேண்டும். இருவரும் தத்தம் சூழலில் புத்திசாலித்தனமாகவே நடந்துகொள்கிறார்கள்.

அமெரிக்கத் தொழிலாளியின் விதிப்புத்தகத்தைக் கேலி செய்வது நிர்வாகவியல் நூல்களில் வழக்கம். “இது என் வேலையல்ல” என்று சொல்பவர் சோம்பேறி என்பார்கள். வரலாறு வேறு. 1936–37இல் மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடிச் சங்க அங்கீகாரம் பெறும்வரை, ஃபோர்மேன் வைத்ததே சட்டமாக இருந்தது. அவருக்குப் பிடித்தவருக்கு லேசான வேலை, பிடிக்காதவருக்குக் கதவு. அந்த மனம்போன போக்கிலிருந்து தப்பிக்கவே வேலைகள் வகை பிரிக்கப்பட்டன. பணிமூப்பு வரிசை எழுதப்பட்டது. வேறு கேடயம் இல்லாதவரின் கேடயம் அந்தப் புத்தகம்.

ஃப்ரிமாண்ட்

ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிமாண்ட் ஆலை 1960களின் தொடக்கத்தில் உருவானது. 1970களில் அது அமெரிக்க மோட்டார் தொழிலின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்திருந்தது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்கமாட்டார். சங்கத்துக்கே தெரியாமல் திடீர் வேலைநிறுத்தங்கள் நடந்தன. தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆலைக்குள் மதுவும் போதையும் புழங்கின. நிர்வாகத்திடமிருந்து வந்த ஒரே கட்டளை, உற்பத்தி லைன் நிற்கக்கூடாது என்பது. கதவு கோணலாக இருந்தாலும், திருகு விட்டுப்போயிருந்தாலும் கார் நகர வேண்டும். கடைசியில் ஓரங்கட்டி நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். தவறென்று தெரிந்தும் அதை அப்படியே அனுப்பும் வேலையை எட்டு மணி நேரம் செய்பவருக்கு வேலைமீது என்ன மரியாதை இருக்கும்? 1982இல் ஆலை இழுத்து மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கைகோத்தன. எய்ஜி டொயோடாவுக்குத் தம் முறை அமெரிக்கத் தொழிலாளர்களிடமும் அமெரிக்கச் சப்ளையர்களிடமும் எடுபடுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரோஜர் ஸ்மித்துக்கு லாபம் தரும் சின்னக் கார் செய்யும் வித்தை தேவைப்பட்டது. உலகின் இரு பெரும் கார் கம்பெனிகள் சேரலாமா என்ற கேள்வி எழுந்து, மத்திய வணிக ஆணையம் 3–2 என்ற வாக்கில் 1984இல் இறுதி அனுமதி தந்தது. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபாக்சரிங் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் அதை ‘நும்மி’ என்றே அழைத்தார்கள். எய்ஜியின் உறவினரான தத்சுரோ டொயோடா அதன் முதல் தலைவர்.

தொழிலாளர்களாக யாரை எடுப்பது? டொயோட்டா பழைய சங்கத்தோடு பேசி, பழைய தொழிலாளர்களையே பெரும்பான்மையாக எடுத்தது. எடுக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மூடிய ஆலையிலிருந்து வந்தவர்கள். சங்கத்தின் பழைய தலைவர்களும் அவர்களுள் அடக்கம்.

குழுத் தலைவர்கள் சில நூறு பேரைச் சிறு அணிகளாக ஜப்பானின் தகாஓகா ஆலைக்கு அனுப்பி மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியை வடிவமைத்தவர்களில் ஒருவர் ஜான் ஷூக். டொயோட்டா ஜப்பானில் வேலைக்கு எடுத்த அமெரிக்கர். அமெரிக்கர்கள் அங்கே லைனில் ஜப்பானியரோடு நின்று வேலை செய்தார்கள். தடுமாறும்போது பக்கத்தில் இருப்பவர் வந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். ஃப்ரிமாண்டில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று பலர் பிற்பாடு நினைவுகூர்ந்தார்கள்.

1984 டிசம்பரில் முதல் கார், ஷெவ்ரலே நோவா, வெளியே வந்தது. உள்ளே என்னென்ன மாறியிருந்தன? அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறை இல்லை; தனிக் கார் நிறுத்துமிடம் இல்லை. எண்பதுக்கும் மேற்பட்டிருந்த வேலை வகைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. தொழிலாளர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து வேலைகளைச் சுழற்சி முறையில் செய்தார்கள். கையில் நேரமானியை வைத்துக்கொண்டு தொழிலாளியை அளந்த பொறியாளர் காணாமல் போனார்; நேரமானி தொழிலாளியின் கைக்கே வந்தது. தம் வேலையைத் தாமே அளந்து, எந்த அசைவு வீண் என்று பேசி, வரிசையை எழுதி, மற்ற ஷிஃப்டோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். நேரமானி அளவீட்டின் முன்னோடியான ஃப்ரெடரிக் டெய்லர் வகுத்த அதே கருவியை வேறு ஆள் பிடித்தபோது அதன் பொருளே மாறிவிட்டதை, பால் ஆட்லர் என்ற அறிஞர் 1993இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

லைன் நெடுகிலும் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடியது. தவறு கண்ட எவரும் அதை இழுக்கலாம். இழுத்தால் ஓர் இசை ஒலிக்கும். பலகையில் விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடிவருவார். கார் குறிப்பிட்ட எல்லையை அடையுமுன் கோளாறு தீர்ந்தால் மறுபடி இழுத்துவிடலாம், லைன் நிற்காது. தீராவிட்டால் நின்றுவிடும். இந்த ஏற்பாட்டின் வேர், நூல் அறுந்தால் தானே நின்றுவிடும்படி சகிச்சி டொயோடா வடிவமைத்த தானியங்கித் தறி. கிய்ச்சிரோவின் தந்தை அவர். 1929இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்களுக்கு விற்றார்.

வாக்குறுதி

கயிற்றைப் பற்றி எழுதாத நிர்வாகவியல் நூல் இல்லை. ஆனால் கயிற்றை இழுக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் 1985இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் நீண்டகால இருப்பையே குலைக்கும் கடும் நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை; அப்படி வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைத்து, வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே எடுத்துக்கொண்ட பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கலாம் என்று அதில் எழுதினார்கள்.

எழுதியதைச் சோதிக்கும் நாள் விரைவில் வந்தது. 1987–88இல் நோவா விற்கவில்லை. ஆலையின் திறனில் 60 சதவீதம்கூடப் பயன்படாத காலம். டெட்ராய்டின் வழக்கப்படி ஒரு ஷிஃப்டை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். நும்மி அனுப்பவில்லை. உபரித் தொழிலாளர்களைப் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தது. வேலைமுறைகளைச் செப்பனிடும் குழுக்களில் போட்டது. வெளி ஒப்பந்தக்காரர் செய்துவந்த பராமரிப்பு வேலைகளைக் கொடுத்தது. சொன்ன வார்த்தையை நம்பலாம் என்று தொழிலாளர் தெரிந்துகொண்டது அப்போதுதான். வேலையைச் சுருக்கும் யோசனையை நீங்கள் சொன்னால், மிச்சமாகும் ஆள் நீங்களாகவே இருக்கலாம் என்ற பயம் உள்ளவரை ஆலோசனைப் பெட்டி காலியாகவே கிடக்கும். அந்தப் பயத்தை எடுத்த பிறகு பெட்டி நிரம்பியது.

பலன் எண்களில் தெரிந்தது. ஐந்தில் ஒருவர் வராமலிருந்த நிலை போய், நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் வராத நிலை வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வில் ஜான் கிராஃப்சிக் செய்த ஒப்பீடு புகழ்பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரைப் பூட்ட 31 மணி நேர உழைப்பு, தகாஓகாவில் 16, நும்மியில் 19. நூறு காருக்குக் குறைபாடுகள் முறையே 135, 45, 45. உதிரிபாகக் கையிருப்பு முறையே இரண்டு வாரம், இரண்டு மணி, இரண்டு நாள். கிராஃப்சிக்கே நும்மியில் வேலை பார்த்த பொறியாளர். அங்கே கண்டதற்கு ‘லீன்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. இந்த எண்கள் 1990இல் வெளியான ‘உலகை மாற்றிய இயந்திரம்’ என்ற நூலின் வழியே உலகெங்கும் பரவின. ஆட்கள் பழைய அமெரிக்கர்கள். தரம் ஜப்பானியத் தரம். ஹாஃப்ஸ்டெடெயின் 91 இரண்டே ஆண்டில் 46 ஆகிவிட்டதா? ஆகவில்லை. அந்த மனிதர்கள் அதே மனிதர்கள்தான். அவர்களுக்குக் கொடுத்த ஏற்பாடுதான் வேறு.

நகலெடுத்தவர்கள்

நும்மியில் பாதிப் பங்கு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கற்றுக்கொண்டதா? தன் மேலாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பியது. எதையும் டொயோட்டா மறைக்கவில்லை. தெற்கு கலிஃபோர்னியாவில் இருந்த வான் நைஸ் ஆலையில் 1987இல் அதே குழுமுறையைக் கொண்டுவந்தார்கள், கயிறும் கட்டினார்கள். ஆனால் அந்த ஆலை எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம் என்ற மிரட்டல் நிலுவையிலேயே இருந்தது. இழுத்தால் திட்டு விழுந்தது. அன்றைய உற்பத்தி எண்ணிக்கையே மேலாளரின் மதிப்பைத் தீர்மானித்தது. சப்ளையர் அனுப்பும் பாகம் பொருந்தாவிட்டால் அதைத் திருத்தச் சொல்லும் அதிகாரம் ஆலையில் யாருக்கும் இல்லை. குழுமுறை என்பது பணிமூப்பு உரிமையைப் பறிக்கும் தந்திரம் என்று தொழிலாளர் சந்தேகித்ததில் வியப்பில்லை. நாற்றைப் பிடுங்கிப்போனவர்கள் சேற்றை வயலிலேயே விட்டுவிட்டார்கள். 1992இல் வான் நைஸ் மூடப்பட்டது. இன்னொரு பக்கம், ரோபோக்கள் வந்தால் தொழிலாளர் பிரச்சினையே இராது என்று நம்பி, 1980களில் அந்நிறுவனம் இயந்திரங்களில் பெரும்பணம் கொட்டியது. பழைய இயந்திரங்களோடு ஓடிய நும்மியின் தரத்தை அவற்றால் எட்ட முடியவில்லை.

மறுபக்கம்

இதுவரை சொன்னதைக் கேட்டு ஜப்பானிய முறைக்கு மாலை போடுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சதோஷி கமதா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் 1972இல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து வேலை பார்த்தார். அந்த அனுபவத்தை அவர் நூலாக எழுதியபோது அந்த ஆலையை நம்பிக்கையிழப்பின் தொழிற்சாலை என்றே வர்ணித்தார். நும்மியைப் பற்றியும் மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் என்ற அமெரிக்கத் தொழிற்சங்க எழுத்தாளர்கள் கடுமையாக எழுதினார்கள். பழைய ஆலையில் ஒரு நிமிடத்தில் சுமார் 45 நொடி உழைத்த உடம்பு, புதிய ஆலையில் 57 நொடி உழைத்தது. மூச்சுவிடக் கிடைத்த அந்தச் சில நொடிகளைத்தான் வீண் என்று துடைத்தெடுத்தார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 1993இல் புதிய மாடலுக்கு மாறியபோது கை, தோள், முதுகு வலிகள் பெருகி, மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. குறையைத் தீர்க்கச் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து உழைத்தன என்பதும் உண்மை. சங்கம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

ஜப்பானில் ஆயுட்கால வேலை எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. பெருநிறுவனங்களின் நிரந்தர ஆண் ஊழியர்களே அதன் மையம். பெண்கள் திருமணத்தோடு விலகிவிடுவார்கள் என்ற கணக்கிலேயே அது ஓடியது. வேலையில் சமவாய்ப்புச் சட்டம் 1985இல்தான் வந்தது. இன்று ஜப்பானிய ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பகுதிநேரம், தற்காலிகம், ஏஜென்சி வழி என்று நிரந்தரமற்றவர்கள். 2008 உலக நிதி நெருக்கடியில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்களே. அந்தப் புத்தாண்டில் வேலையோடு தங்குமிடமும் இழந்த ஏஜென்சித் தொழிலாளர்களுக்காக டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடாரம் அடித்துச் சோறு போட்டார்கள். உள்ளே இருப்பவரின் பாதுகாப்பு, வெளியே இருப்பவரின் தோளில் ஏறி நிற்கிறது.

உள்ளே இருப்பவரும் விலை கொடுக்கிறார். வெளியேற முடியாதவரால் ‘மாட்டேன்’ என்று சொல்லவும் முடியாது. அளவுக்கு மீறி உழைத்து இறப்பது தனிப் பெயர் பெறும் அளவுக்கு அங்கே பெருகி, 2014இல் அதைத் தடுக்கவே ஒரு சட்டம் வந்தது. 2018இன் வேலைமுறைச் சீர்திருத்தச் சட்டம்தான் மிகை வேலைக்கு முதன்முறையாகத் தண்டனையோடு கூடிய உச்சவரம்பு வைத்தது: ஆண்டுக்கு 720 மணி, எந்த மாதமும் 100 மணிக்குள். உச்சவரம்பே இவ்வளவு என்றால் அதற்கு முன் எவ்வளவு என்று எண்ணிப்பாருங்கள். அமெரிக்காவோ 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி கேட்கிறது. வயதுவந்தவரின் வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கவில்லை. சம்பளத்தோடு விடுமுறை தரவும் மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நாற்பது வயதில் வேலை மாறுபவரை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வேலை இழந்தவர் மீண்டும் நுழையக் கதவு திறந்திருப்பதும் ஒரு வகைப் பாதுகாப்பே.

நும்மியும் முடிவுக்கு வந்தது. 2009இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. தனியாக நடத்துவது கட்டாது என்று டொயோட்டாவும் சொல்லிவிட்டது. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசிக் காரான ஒரு கரோலா வெளியே வந்தது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். கால் நூற்றாண்டு காப்பாற்றிய வாக்குறுதிக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்த ஆண்டே ஆலையை வாங்கிய டெஸ்லா, இன்றுவரை சங்கம் இல்லாமலே அதை நடத்திவருகிறது. ஒரே கூரையின்கீழ் மூன்று ஏற்பாடுகள். மூன்று பணியிடப் பண்பாடுகள்.

நமக்கு

இரு நாடுகளும் இன்று இடம்மாறிக்கொண்டிருக்கின்றன. ஆயுட்கால வேலையை இனித் தொடர்வது கடினம் என்று 2019இல் டொயோட்டாவின் அன்றைய தலைவர் அகியோ டொயோடாவே சொன்னார். ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்கள் வேலையை வரையறுத்து, அதற்கேற்பச் சம்பளம் தரும் முறைக்கு மாறிவருகின்றன. அமெரிக்க மென்பொருள் உலகமோ, வேலையின் நகர்வைச் சீட்டுகளால் காட்டும் டொயோட்டாவின் கான்பான் முறையைப் பலகையாக எடுத்துக்கொண்டது. ஃபுஜி ஜெராக்ஸ், கேனான், ஹோண்டா போன்றவற்றின் சிறு குழுக்களை ஆராய்ந்து ஹிரோதகா தகெயுச்சி, இகுஜிரோ நோனகா இருவரும் 1986இல் எழுதிய கட்டுரையிலிருந்து மென்பொருள் குழுக்களின் ‘ஸ்க்ரம்’ வேலைமுறை பிறந்தது.

அந்தக் கான்பான் பலகை இப்போது நம் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் அலுவலகங்களில் மாடிக்கு மாடி இருக்கிறது. காலையில் நின்றபடியே கூட்டம், சுவரிலோ திரையிலோ வண்ணச் சீட்டுகள். இங்குள்ள மாணவர்களில் பாதிப் பேர் சில ஆண்டுகளில் அதன் முன்னால் நிற்பீர்கள். பலகை ஜப்பானிலிருந்து அமெரிக்கா போய் நம்மிடம் வந்துசேர்ந்துவிட்டது. புராஜெக்ட் முடிந்தால் ‘பெஞ்ச்’சில் உட்கார்ந்து, எப்போது மனிதவளத் துறையிலிருந்து அழைப்பு வருமோ என்று காத்திருக்கும் நிலையும் கூடவே இருக்கிறது. வான் நைஸில் நடந்தது இதுதான். கருவி வந்தது, அதைத் தாங்கி நின்ற உறுதிமொழி வரவில்லை.

ஆகவே ஒரு நிறுவனம் தன் பண்பாட்டைப் பற்றிச் சுவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். போன மந்தநிலையில் யார் சம்பளம் முதலில் குறைந்தது? தவறு இருக்கிறது என்று கடைசியாகச் சொன்ன இளையவர் இப்போது எங்கே இருக்கிறார்? வேலையைச் சுருக்கும் யோசனை சொன்னவருக்கு அடுத்து என்ன வேலை கொடுத்தார்கள்? ஜப்பானிய நிறுவனமோ அமெரிக்க நிறுவனமோ நம்மூர் நிறுவனமோ, விடை இந்த மூன்றில் கிடைத்துவிடும். உங்களில் சிலர் நாளை இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்காரப்போகிறீர்கள். எங்கள் ஆட்கள் இப்படித்தான், நம் ஊர் பழக்கம் இப்படித்தான் என்று அப்போது சொல்லித் தப்பிக்க முடியாது. ஃப்ரிமாண்டின் தொழிலாளர்களைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். ஆலை மறுபடி திறந்த இரண்டே ஆண்டில் அது பொய்யானது.